நாற்காலிக்கு நாலு காலு, சோலிக்கு எத்தன காலு?

ஏலே, இங்கன வந்து உக்காரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ‘ஃபர்னிச்சர் தொழில்ல வேலைவாய்ப்பு பொங்குது’ன்னு எவனோ எழுதினதப் படிச்சிட்டு நீயும் பொங்கிப்போய் வந்திருக்க. ஜீடிமெட்லாவுல மாடுலர் ஃபர்னிச்சர் கம்பெனி. வேலைக்குப் பேரு ‘புரொடக்‌ஷன் அசோசியேட்’. சம்பளம் பேசி முடிவு செய்யப்படும். பேசுதவனும் அவன்தான், முடிவு செய்யுதவனும் அவன்தான். உனக்கு அதுல என்ன சோலி? தலையாட்டுத சோலி.

போகாதன்னு நான் சொல்ல வரல. நானே போனவன்தான். தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து உளி, இழைப்புளி, ரசமட்டம் எல்லாத்தையும் சாக்குல சுத்திக்கிட்டு ஹைதராபாத்துக்கு ரயிலேறுன பய நான். தெலுங்கு தெரியாது, உருது தெரியாது. மரத்துக்கு எந்தப் பாஷையும் வேண்டாம் பாத்துக்கோ. கோணலா அறுத்தா எல்லா ஊர்லயும் கோணல்தான். அங்க ஒருத்தன் ‘வட்ராங்கி’ம்பான், இன்னொருத்தன் ‘மிஸ்திரி’ம்பான். எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா என்ன, சனிக்கிழமை சாயந்தரம் கூலியக் குடுத்தாச் சரி.

ஜீடிமெட்லான்னதும் வெளிநாடுன்னு நெனச்சிராத. பாலாநகரத் தாண்டி, சிந்தலத் தாண்டி, ஷாபூர் நகர் பக்கம் திரும்பினா வந்துரும். வழி கேக்க வேண்டாம், மூக்கு இருந்தாப் போதும். மருந்துக் கம்பெனி, பெயின்ட்டு, பிளாஸ்டிக்கு, வார்ப்படம்னு அடுத்தடுத்துக் கெடக்கும். 1973ல ஆந்திர சர்க்கார் தொழில் கட்டமைப்புக் கழகம்னு ஒண்ண ஆரம்பிச்சு, அங்கங்க நெலத்த வளைச்சுப் பிளாட்டுப் போட்டுக் குடுத்துச்சு. அதுல ஜீடிமெட்லா பெருத்துப் பெருத்து அஞ்சு ஃபேஸ் ஆயிட்டு. அந்த ஷெட்டுகளுக்கு நடுவுலதான் மரப்பட்டறை, இரும்பு பீரோ பட்டறை, இப்பம் உன் மாடுலர் கிச்சன் ஃபேக்டரி எல்லாம்.

அதுக்கு முந்தியே மேசை நாற்காலி சோலி அந்தப் பக்கத்துல உண்டு. சனத்நகர்ல ஆல்வின்னு ஒரு கம்பெனி. 1942ல, நிஜாம் காலத்துல ஆரம்பிச்சது. இரும்பு மேசை, பீரோன்னு செஞ்சு, பொறவு ஃபிரிஜ்ஜு, பஸ் பாடி, கைக்கடிகாரம் வரைக்கும் போச்சு. ‘மாப்பிள்ள ஆல்வின்ல வெல்டர்’னு சொன்னாப் போதும், பொண்ணு வீட்டுல ஜாதகத்தக்கூட ரொம்பப் பொரட்டமாட்டாவ. கேன்டீன் உண்டு, பி.எஃப். உண்டு, சங்கம் உண்டு, வாசல்ல கொடி உண்டு. 1990கள்ல அது தேஞ்சு, ஃபிரிஜ் பிரிவு வோல்டாஸ் கைக்குப் போச்சு. ஆல்வின் ஓடுன காலத்துல ‘வேலைவாய்ப்புச் சூழல்’னு ஒருத்தனும் கூட்டம் போட்டுப் பேசினதில்ல. வேலை இருந்துச்சு, பாத்தான், வீட்டுக்குப் போனான். இல்லாத காலத்துலதாம்லே பேச்சு பெருக்குது.

மரத்துக்கு வருவோம். அன்னைக்குத் தேக்குன்னா ஆதிலாபாத் காட்டுத் தேக்கு. டிப்போவுல போய் தட்டிப் பாத்து, மோந்து பாத்து, வைரம் எவ்வளவு ஏறியிருக்குன்னு பாத்து வாங்குவோம். 1996 டிசம்பர்ல கோதாவர்மன் வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டுச்சு. காட்டு மரத்துல இஷ்டத்துக்குக் கை வைக்கக் கூடாது, மர அறுவை மில்லுக்கு லைசென்ஸ் வேணும்னு ஆச்சு. காடு பொழைக்கணும்லா, நல்ல உத்தரவுதான். நான் கொற சொல்லமாட்டேன். ஆனா அதுக்குப் பொறவு கட்டை மரம் துட்டுக்காரன் வீட்டு வாசக்காலோட நின்னு போச்சு. மத்தவனுக்கெல்லாம் பிளைவுட்டு, பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். செதுக்கலையும் தூளையும் பசை போட்டு அழுத்தி, மேல தேக்குப் படத்த ஒட்டி, ‘வுட் ஃபினிஷ்’னு விக்கான். தேக்கோட போட்டோவுக்கே இவ்வளவு வெலைன்னா, தேக்கு செத்ததுல என்ன ஆச்சரியம்?

பிளைவுட்டுலயும் ஒரு ஆட்டம் இருக்கு. ‘சார், நாங்க ஐ.எஸ். 710 தான் போடுவோம், பாய்லிங் வாட்டர் புரூஃப்’னு ஷோரூம்ல ஒரு பொண்ணு மூச்சு விடாமச் சொல்லும். 72 மணி நேரம் கொதிக்குத தண்ணியில போட்டாலும் பிரியக் கூடாதுன்னு அதுக்குச் சோதனை. ஆட்டுக்கால் பாயாகூட அவ்வளவு நேரம் கொதிக்காது! ஏலே, அடுப்படியில அலமாரியவா வேக வைக்கப் போறாவ? தொட்டிக்கு அடியில குழாய் ஒழுகாமப் பாத்துக்கிட்டாப் பத்தாதா? அந்த ஒழுகுத குழாய எவனும் மாத்தமாட்டான். பிளைவுட்டத்தான் மாத்துவான்.

மரம் மாறினதும் ஆளும் மாறிட்டான். ராஜஸ்தான்ல இருந்து சுத்தார்னு ஒரு தச்சர் கூட்டம் வந்துச்சு. பிளைவுட்டு வேலையில கெட்டிக்காரனுவ, நான் பாத்து அசந்திருக்கேன். மொதல்ல ஒருத்தன் வருவான். வீட்ட அளப்பான், சதுர அடிக்கு ரேட்டு பேசுவான், அட்வான்ஸ் வாங்குவான். மறுவாரம் தம்பி, மச்சினன், சித்தப்பா மவன்னு ஒரு கூட்டமே எறங்கும். கட்டி முடியாத அபார்ட்மென்ட்டுலயே படுக்கை, அங்கனேயே ரொட்டி சுடுதது, அங்கனேயே அறுக்குதது. அவனுக்குப் பின்னால உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசாப் பயலுவ. நம்ம பயலுவ எங்கன போனானுவ? உள்ளூர் தச்சன் மவன் பைக்குல சாப்பாட்டுப் பொட்டி கொண்டு போறான். கேட்டா ‘பார்ட்னர்’ங்கான். கடை முதலாளி எங்கயோ இருக்கான், லாபம் அவனுக்கு, பெட்ரோல் இவனுக்கு. இதுல எங்கலே கூட்டு இருக்கு?

சரி, இந்த ராஜஸ்தான்காரன் எந்தக் கணக்குல வருவான்? அதத்தான் நீ படிச்சத எழுதின ஆசாமிகிட்டக் கேக்கணும். மத்திய சர்க்கார் வருசா வருசம் தொழிற்சாலைக் கணக்கு எடுக்கும். அதுல யாரு வருவான் தெரியுமா? கரண்டு வச்சு ஓட்டுத பட்டறைன்னா 10 பேரு வேணும். கரண்டு இல்லைன்னா 20 பேரு. அந்தக் கோட்டுக்குக் கீழ உள்ளவன் தொழிற்சாலை இல்லியாம். ஒம்பது பேரு ராப்பகலா அறுத்தாலும் அந்தப் புஸ்தகத்துல தூசி விழாது. அபார்ட்மென்ட்டுல ரொட்டி சுட்டவனப் பத்திப் பேச்சே இல்ல.

சின்னப் பட்டறை முதலாளிக்கு இந்தக் கோடு நல்லாத் தெரியும். 10 பேரு ஆனா இ.எஸ்.ஐ., 20 பேரு ஆனா பி.எஃப். அதனால எத்தன பேரு வேலை பாத்தாலும் பதிவேட்டுல ஒம்பது பேருதான். ஆபீசர் வாரப்போ பத்தாவது ஆளு டீ வாங்கப் போயிருப்பான். பதினொண்ணாவது ஆளு அவனத் தேடிப் போயிருப்பான். இப்பம் 2025 நவம்பர் 21ல இருந்து புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கு. அதுல தொழிற்சாலைன்னா கரண்டோட 20 பேரு, கரண்டு இல்லாம 40 பேரு. கணக்கும் அந்தக் கோட்டப் பிடிச்சுப் போச்சுன்னு வையி, நாளைக்கு ஒருத்தன் ‘ஃபர்னிச்சர் பட்டறைகள் சரிவு’ன்னு கட்டுரை எழுதுவான். பட்டறை அங்கனேதான் இருக்கும். கோடுதான் நகந்து போயிருக்கும். நீ அதப் படிச்சிட்டு வேற தொழிலுக்கு ஓடுவ.

இதுக்கு நேர்மாறாவும் ஒரு வேடிக்கை உண்டு. நம்ம ஊர்லயே பாரு. 2022 மார்ச்சுல தூத்துக்குடியில பன்னாட்டு அறைகலன் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினாவ. ஆயிரத்து நூத்துச் சொச்சம் ஏக்கர். எதிர்பாக்குத முதலீடு 4,500 கோடி ரூவா, வேலைவாய்ப்பு மூணரை லட்சம் பேருக்குன்னு சொன்னாவ. எனக்கு ஒரே சந்தோசம். சொந்த மண்ணுலா. ராத்திரி தூக்கம் வராம ஒரு வகுத்தல் போட்டுப் பாத்தேன். 4,500 கோடிய மூணரை லட்சத்தால வகுத்தா ஆளுக்கு ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம். ஏலே, உன் ஜீடிமெட்லா ஃபேக்டரியில போர்டு ஓரத்துக்குப் பட்டி ஒட்டுத எட்ஜ் பேண்டர் மிஷின் ஒண்ணு பல லட்சம் ஆகும். போர்டு அறுக்குத நல்ல பேனல் சா அதுக்குத் தங்கச்சி. அப்போ ஒரு லட்சத்துச் சொச்சத்துல ஒருத்தனுக்குச் சோலி எப்படி வரும்? நேரடி, மறைமுகம்னு சேத்துச் சொல்லுதது அப்படித்தான். லாரி ஓட்டுதவன், வாசல்ல டீ ஆத்துதவன், அவனுக்குப் பால் ஊத்துதவன், அந்த மாடு எல்லாம் மறைமுகத்துல வந்துரும். பூங்கா வரட்டும், நல்லா வரட்டும். துறைமுகம் பக்கத்துல இருக்கு, மரம் கப்பல்ல வந்து எறங்கும், நெனச்ச எடம் சரியான எடம்தான். கோடியையும் லட்சத்தையும் கேட்டவொடனே வாயப் பொளக்காம, வகுத்துப் பாருன்னுதான் சொல்லுதேன். நாலாங்கிளாஸ்ல படிச்ச வகுத்தல் அதுக்குத்தானே?

ஹைதராபாத்துல ஃபர்னிச்சர்னாலே ஐகியாதாங்கான் இப்பம். 2018 ஆகஸ்ட் 9ந்தேதி ஹைடெக் சிட்டி பக்கம் அவனோட மொத இந்தியக் கடை தெறந்தான். நாலு லட்சம் சதுர அடி. அன்னைக்கு ரோடே அடைச்சுப் போச்சு. உள்ள 1,000 பேரு உக்காந்து திங்குத சாப்பாட்டுக் கடை. சோபா வாங்கப் போனவன் பிரியாணியும் சமோசாவும் தின்னுட்டு ஒரு கரண்டியோட திரும்பி வந்தான். வெளிநாட்டுக் கடைக்காரன் தானே முழுசா முதல் போட்டுக் கடை வச்சா 30 சதம் சரக்கு இந்தியாவுலயே வாங்கணும்னு விதி இருந்துச்சு. அவன் நம்மகிட்ட ரொம்ப காலமா வாங்குதது பெரும்பாலும் துணியும் தரைவிரிப்பும். தச்சன் வாசல்ல நின்னு பாத்ததுதான் மிச்சம்.

ஆனா அவன் வித்தைய ஒத்துக்கிடணும்லே. 1956ல அவன் கம்பெனி டிசைனர் கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசைய காருக்குள்ள ஏத்தப் பாத்திருக்காரு. ஏறல. காலக் கழட்டிட்டாரு. அம்புட்டுத்தான், அதுல இருந்து உலகமே அட்டைப் பொட்டியில மேசை வாங்குது. துட்டையும் குடுத்துட்டு, பொட்டியையும் தூக்கிட்டு வந்து, ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தரையில உக்காந்து ஸ்க்ரூ முறுக்குதவன் யாரு? வாங்குனவன். இந்த ஆளுக்குக் கூலி உண்டா? கெடையாது. பி.எஃப்.? கெடையாது. காலத் தலைகீழா மாட்டிட்டுப் பொண்டாட்டிகிட்ட வாங்குத ஏச்சு மட்டும் உண்டு. தச்சன் பாத்த சோலி போகல, கேட்டியா. வாங்குதவன் தலையில ஏறிட்டு. எந்தக் கணக்குலயாவது இது வந்திருக்கா?

நம்ம ஊர்க்காரன் அவ்வளவு எளிசுல முறுக்குவானா? மாட்டான். ‘ஆள அனுப்பு’ம்பான். அங்கதான் புதுச் சோலி பெறக்குது. பேரு ‘இன்ஸ்டாலர்’. இன்னைக்கு ஜீடிமெட்லாவுல நடக்குததே இதுதான். முன்ன ஒரு அலமாரின்னா ஒரே ஆளு மரம் பாப்பான், அறுப்பான், இழைப்பான், கோப்பான், பாலீஷ் போடுவான். இப்பம் ஒருத்தன் கம்ப்யூட்டர்ல படம் போடுதான். ஒருத்தன் மிஷினுக்குப் போர்டு ஊட்டுதான். இன்னொருத்தன் பட்டி ஒட்டுதான். பொம்பளப் பிள்ளைய பேக்கிங், தையல், எட்ஜ் பேண்டிங்னு நல்லாச் செய்யுதுவ. எங்க காலத்துல பட்டறைக்குள்ள பொம்பளைய விடமாட்டானுவ. இது ஒண்ணு நல்ல மாத்தம், சொல்லத்தான் வேணும். கடைசியா ரெண்டு பேரு டெம்போவுல ஏறிப் போய் வீட்டுல மாட்டுதானுவ. முழு அலமாரி செய்யத் தெரிஞ்சவன் மட்டும் அந்தக் கூட்டத்துல ஒருத்தனும் இல்ல.

இல்லாததுல என்ன நட்டம்ப. சொல்லுதேன், இதத்தான் காது குடுத்துக் கேளு. மிஷின் ஒரு மில்லி மாறாம அறுக்கும். தொண்ணூறு டிகிரின்னா தொண்ணூறுதான். ஆனா பாச்சுபல்லி, நிஜாம்பேட்டைன்னு எழும்பி நிக்குத அபார்ட்மென்ட்டு செவுரு இருக்கே, அது எந்த டிகிரிக்கும் கட்டுப்படாது. கொத்தனார் அவசரத்துல பூசினது. மேல ஒட்டும், கீழ விலகும், மூலையில வயிறு தள்ளும். தரை குளியலறைப் பக்கமாச் சாயும். இப்பம் அந்தச் சுத்தமான பொட்டியக் கொண்டு போய் இந்தக் கோணச் செவுத்துல வச்சா என்ன ஆகும்? பின்னால விரல் நொழையுத சந்து. கதவு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மொறச்சுக்கிட்டு நிக்கும். டிராயர் தானாத் தெறந்து வரும்.

புதுப்பய என்ன செய்வான்? சிலிக்கான் டியூப எடுத்து அமுக்குவான். சந்து மறையுத வரைக்கும் அமுக்குவான். போட்டோ எடுத்து ‘ஜாப் கம்ப்ளீட்டட்’னு ஆப்புல ஏத்திட்டுப் போயிருவான். மழைக்காலம் வந்ததும் போர்டு ஊதும், கீல் புடுங்கும், வீட்டம்மா கம்பெனிக்குப் போன் போட்டு ஏசும். அப்போ கம்பெனி ஆரக் கூப்பிடும் தெரியுமா? பதிவேட்டுல பேரில்லாத ஒரு கெழட்டு மிஸ்திரிய. அவன் வருவான். மொதல்ல செவுத்தப் பாப்பான். ரசமட்டத்த வைப்பான். ஒரு பட்டிய எடுத்துச் செவுத்தோட வச்சு, செவுரு போற கோணலப் பென்சிலால அப்படியே இழுப்பான். இழைப்புளிய எடுத்து அந்தக் கோட்டுக்குச் சீவி, சந்துல சொருகுவான். செவுத்துக்கும் மரத்துக்கும் நடுவுல ஒரு தாளு போகாது. டீயக் குடிச்சிட்டு, அந்த இன்ஸ்டாலர் மாசத்துல வாங்குத சம்பளத்துல ஒரு பங்கு அரை நாள்ல வாங்கிட்டுப் போவான். மிஷின் வந்தா தச்சன் ஒழிஞ்சான்னு எழுதுதவன் எவனும் ஒரு அபார்ட்மென்ட்டு மூலையில மட்டம் வச்சுப் பாத்ததில்ல.

அதுக்குச் சர்டிபிகேட் இருக்கான்னு கேப்ப. எல்லாத்துக்கும் இருக்கு. ஃபர்னிச்சருக்குன்னே திறன் மன்றம் உண்டு. அசிஸ்டென்ட் கார்பென்டர், லீட் கார்பென்டர்னு படி வச்சிருக்காவ. 2023 செப்டம்பர் 17ல பிரதமர் விஸ்வகர்மா திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாவ. 18 தொழிலு, தச்சுத் தொழிலும் உண்டு. வயசெல்லாம் உளி பிடிச்சவனுக்கு அஞ்சு நாள், ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி! நாளைக்கு 500 ரூவா படி, சாமான் வாங்க 15,000 ரூவா, 5 சத வட்டியில கடன். பரம்பரைத் தொழில்லயே பிள்ளையளத் தள்ளுதுன்னு தமிழ்நாடு அத வேண்டாம்னுட்டு, கலைஞர் கைவினைத் திட்டம்னு சொந்தமா ஒண்ணு கொண்டு வந்துச்சு, 25 தொழிலுக்கு. ரெண்டு சர்க்காரும் தச்சன் மேல பாசத்துல அடிச்சுக்கிடுதாவ. நீ குறுக்க போகாத. எது கெடைக்குதோ வாங்கி ஒரு நல்ல இழைப்புளி வாங்கிப் போடு. பயிற்சிக்குப் போனா, சொல்லிக்குடுக்க வந்தவன் கையில தழும்பு இருக்கான்னு பாரு. கை வழவழன்னு இருந்தா சோத்துப் பொட்டலத்த வாங்கிட்டு வந்துரு.

அடி வாங்கின கதையெல்லாம் விரிக்கமாட்டேன். 2012ல கரண்டுப் பஞ்சத்துல ‘பவர் ஹாலிடே’ன்னு வாரத்துல பல நாள் ஷெட்டு இருட்டுல கெடந்துச்சு. லீவுன்னு பேரு, கூலி கெடையாது. 2016ல நோட்டு செல்லாமப் போச்சு. 2017 ஜூலையில ஃபர்னிச்சருக்கு 28 சத ஜி.எஸ்.டி., நவம்பர்ல யோசிச்சு 18ன்னு கொறச்சாவ. அதுக்குள்ள மூடினவன் மூடினதுதான். பெரியவனுக்கு ஆடிட்டர் இருந்தான், சின்னவனுக்கு ஆண்டவன்தான் இருந்தான்.

2020தான் எல்லாத்தையும் வெளிச்சம் போட்டுக் காட்டுச்சு. ஊரடங்குல நாட்டுக்கே மொத தொழிலாளர் சிறப்பு ரயிலு எங்கன இருந்து கெளம்பிச்சுன்னு நெனைக்க? ஹைதராபாத்து லிங்கம்பள்ளியில இருந்து. மே 1ந்தேதி, தொழிலாளர் தினம், ஜார்க்கண்டு ஹட்டியாவுக்குச் சுமார் 1,200 பேரு. கட்டட வேலைக்காரவ. அதப் பாத்து ஷெட்டு ஷெட்டா ஆளுவ பொட்டியக் கட்டினாவ. அந்த வருசம் வீட்டுலயே ஆபீஸ்னு எல்லாரும் மேசை கேட்டான், சுத்துத நாற்காலி கேட்டான். ஆர்டர் இருக்கு, போர்டு இருக்கு, மிஷின் இருக்கு. ஆளில்ல. ‘எர்கானமிக்’ நாற்காலின்னு பத்தாயிரம் பதினஞ்சாயிரம் குடுத்து வாங்கி முதுகுவலின்னு படுத்தானுவ. மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு நடன்னு ஓசியிலயே சொல்லியிருப்பேன், என்கிட்ட எவன் கேட்டான்?

இது நம்மூர்க் கதை மட்டும்னு நெனைக்காத. அமெரிக்காவுல வட கரோலினான்னு ஒரு மாநிலம், மேசை நாற்காலிக்குப் பேர் போனது. ஹை பாயின்ட்டுங்குத ஊர்ல 1909ல இருந்து ஃபர்னிச்சர் சந்தை நடக்கு. 1990க்கும் 2010க்கும் நடுவுல அந்த மாநிலத்துல இந்தத் தொழில்ல இருந்த வேலையில பாதிக்கு மேல போச்சு. சீனாச் சரக்கு வந்து அடிச்சிட்டு. சந்தை மட்டும் இன்னைக்கும் வருசத்துக்கு ரெண்டு தடவ ஜே ஜேன்னு நடக்கு. பக்கத்துல தாமஸ்வில்ன்னு ஒரு ஊரு. 1922ல பெருமைக்கு ராட்சச மர நாற்காலி ஒண்ணு நட்டாவ. வெயில்லயும் மழையிலயும் உளுத்துப்போச்சு. 1951ல திரும்பவும் நட்டாவ, இந்தத் தடவ சிமெண்ட்டுல! தச்சன் ஊருக்குக் கொத்தனார் கட்டுன நாற்காலி. இப்பம் 2025 அக்டோபர்ல இருந்து வெளிநாட்டுச் சோபாவுக்கும் கிச்சன் அலமாரிக்கும் 25 சதம் வரி போட்டுப் போன வேலையத் திரும்பக் கூப்பிடுதாவ. அடி ஜோத்பூர்ல ஏத்துமதிக்கு மரம் இழைக்குதவனுக்கும் விழுது. வட கரோலினாவுக்கு வேலை திரும்புமா? இழைக்கத் தெரிஞ்ச கெழவனுவ எத்தன பேரு மிச்சம் இருக்கானுவன்னு மொதல்ல எண்ணட்டும்.

ஆக, நீ ஜீடிமெட்லாவுக்குப் போ. ‘ஆபீஸ் எப்படி இருக்கு, காபி மிஷின் இருக்கா’ன்னு பாக்காத. பட்டறைக்குள்ள போ. பழைய ஆபரேட்டர் கையப் பிடிச்சுக் குலுக்கு, குலுக்குதப்போ விரல எண்ணு. கொறஞ்சிருந்தா பேனல் சாவுக்குக் கவசத்தக் கழட்டி வச்சிட்டு ஓட்டுதானுவன்னு அர்த்தம். மேல தூசி உறிஞ்சுத குழாய் இருக்கா, அது ஓடுதான்னு பாரு. மரத்தூசி புத்துநோய் கொண்டு வரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி மையம் 1995லயே சொல்லிட்டு. குழாய் சும்மா அலங்காரத்துக்குத் தொங்குனா, அந்த ஷெட்டுல தும்முததுக்குத் தனிச் சம்பளம் குடுக்கமாட்டான். சம்பளச் சீட்டு கம்பெனி பேருல வருமா, கான்ட்ராக்டர் பேருல வருமான்னு கேளு. கான்ட்ராக்டர்னா அவன் பேரு பெயர்ப்பலகையில இருக்கான்னு பாரு. இருக்காது.

சேந்த பொறவு மிஷினுக்குப் போர்டு ஊட்டிக்கிட்டே காலத்தப் போக்காத. டெம்போவுல எடம் கெடச்சா ஏறிப் போ. செவுரு பாக்கப் படி. அந்தக் கெழட்டு மிஸ்திரி வந்தா சாமான எடுத்துக் குடு, டீ வாங்கிக் குடு, பென்சில எப்படிப் பிடிக்கான்னு பாரு. அவன் வாயால சொல்லித்தரமாட்டான், கண்ணால திருடணும். இந்தத் திருட்டுக்கு எந்த ஸ்டேசன்லயும் கேஸ் கெடையாது.

மூணு மாசம் கழிச்சு பி.எஃப். கணக்கத் தெறந்து பாரு. உன் காசு மட்டுமில்ல, கம்பெனி பங்கும் விழுந்திருக்கணும். விழுந்திருந்தா இருந்து வேலையப் பாரு. விழலைன்னா இழைப்புளியோட கெளம்பிரு. கோணச் செவுரு கட்டுதத ஹைதராபாத்துல இன்னும் நிறுத்தல.